மனத்தின் கட்டளையும் காலின் அடியும்

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். எம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கோயிலின் பக்கவாயிலை நோக்கி நடந்து வந்தார். நிலைப்படிக்கு இரண்டடி முன்பாகச் சட்டென நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றனர், ஓரிருவர் முனகினர். எதையோ மறந்துவிட்டு யோசிக்கிறார் என்றே நானும் எண்ணினேன். அருகில் சென்று, "வாங்க சார், பின்னால் கூட்டம் நிற்கிறது" என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றார். அப்போது அவருடைய பேத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் வலக்காலை அவர் காலுக்கு முன்னே குறுக்காக வைத்து, "தாத்தா, என் காலைத் தாண்டி வாங்க" என்றாள். அவர் அச்சிறு காலைத் தாண்டினார். தாண்டியவர் அப்படியே வாயிலையும் கடந்து, படியிறங்கி, தெருவில் நடந்து போனார்.

அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்பது எனக்கு முன்னரே தெரியும். தெரிந்திருந்தும் அன்று அவரை அவசரப்படுத்தினேன். அதைவிடப் பெரிய தவறொன்றைச் சில மாதங்களுக்கு முன்பே செய்திருந்தேன். முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றபோது, மிக மெல்லிய குரலில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "சாமி, தினமும் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். நோய் போகாது என்றும் அவர்களே சொல்கிறார்கள். போகாத நோய்க்கு எதற்காக இத்தனை பாடு?" நான் தயக்கமின்றிப் பதில் சொன்னேன்: "ஆண்டவர் தந்த சிலுவையை அமைதியாக ஏற்றுக்கொள்ளுங்கள் சார். இந்த வயதில் உடலை வருத்திக்கொள்ள வேண்டாம்." பக்தியுள்ள பதில் என்றே அப்போது எனக்குத் தோன்றிற்று. கோயில் வாயிலில் அவர் நின்ற காட்சிக்குப் பின்னர் அது சரியான பதில்தானா என்ற ஐயம் என்னைவிட்டு அகலவில்லை. இக்கட்டுரை அக்கேள்விக்குக் காலந்தாழ்த்தி நான் தேடிய விடை.

நோயின் இயல்பு

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றிச் சிறு நூலொன்றை எழுதி வெளியிட்டார். நடுக்குவாதம் என்று நம் முன்னோர் அழைத்ததும் இதனையொத்த பிணியே. நடுமூளையில் கருநிறமாய்த் தோன்றும் ஒரு சிறு பகுதியிலுள்ள நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அவை சுரக்கும் டோபமின் என்னும் வேதிப்பொருள் குறைகிறது. அது குறையவே, உடலின் அசைவுகள் தாமாக நிகழும் திறம் குன்றுகிறது. கை நடுங்குகிறது; தசைகள் விறைக்கின்றன; ஒவ்வோர் அசைவும் மெதுவாகிறது, சிறிதாகிறது. எழுத்து சுருங்குகிறது, குரல் தாழ்கிறது, முகத்தின் தசைகள் அசையாமையால் முகபாவம் மறைகிறது. நடக்கையில், குறிப்பாக வாயில்களிலும் திருப்பங்களிலும், கால் திடீரென உறைந்துவிடுகிறது. 1960-களில் பயனுக்கு வந்த லெவோடோபா என்னும் மருந்து இன்றும் முதன்மையான மருந்தாக விளங்குகிறது. நம் நாட்டு மருத்துவம் பயன்படுத்தும் பூனைக்காலி விதையிலும் இப்பொருள் உண்டு. மருந்து அறிகுறிகளைத் தணிக்கிறது, நோயை அகற்றுவதில்லை.

மருந்தோடு உடற்பயிற்சியும் தேவை என்பதை இன்றைய மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 195 நோயாளரைக் கொண்டு நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இருமுறை வீதம் 24 வாரங்கள் தாய்-சி என்னும் சீன நாட்டு மெல்லசைவுப் பயிற்சி செய்தவர்களுக்கு, தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட உடல் நிலைகொள்ளும் திறம் மேம்பட்டது. அவர்கள் கீழே விழுவதும் குறைந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழுவினர் 2001 முதல் இந்நோயாளருக்கென்றே நடன வகுப்பு நடத்தி வருகின்றனர். நெதர்லாந்து மருத்துவர் பாஸ் புளூம் 2010-இல் அறிவித்த ஒரு செய்தி எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தியது. 58 வயதான ஒரு நோயாளி. உதவியின்றிச் சில அடிகள்கூட நடக்க இயலாமல் உறைந்து நின்றவர். மிதிவண்டியில் ஏற்றிவிட்டால் தடையின்றி ஓட்டிச் சென்றார். இறங்கியதும் மீண்டும் கால் உறைந்தது. தரையில் வரைந்த கோடு, தாளத்தின் ஒலி, முன்னே நீட்டிய ஒரு கால் ஆகியவை தடைபட்ட வழிக்கு மாற்று வழியொன்றைத் திறந்துவிடுகின்றன. இயன்முறை மருத்துவர் கற்பித்த இந்த உபாயத்தைத்தான் அச்சிறுமி கோயில் வாயிலில் செய்து காட்டினாள்.

அகுஸ்தினார் கண்ட வியப்பு

குருமடத்தில் புனித அகுஸ்தினாரின் ‘ஒப்புகைகள்’ நூலைப் பயின்றபோது, அதன் எட்டாம் பகுதியில் அவர் எழுப்பும் ஒரு வியப்பு எம்மையெல்லாம் சிந்திக்க வைத்தது. மனம் உடலுக்குக் கட்டளையிட்டால் உடல் உடனே கீழ்ப்படிகிறது. கையை அசை என்றால் கட்டளைக்கும் செயலுக்கும் இடையே வேறுபாடு காண்பதே அரிதாகும் அளவுக்குக் கை விரைந்து அசைகிறது. ஆனால் மனம் தனக்குத்தானே கட்டளையிட்டால் மட்டும் மறுப்பு எழுகிறது. இது என்ன விந்தை என்று கேட்டார் அவர். மனம் முழுமையாக விரும்பவில்லை. பாதி விரும்புகிறது, பாதி மறுக்கிறது. ஆகவேதான் கட்டளை நிறைவேறவில்லை என்பது அவர் கண்ட விடை. மனமாற்றத்தின் வாசலில் நின்ற ஒருவரின் அனுபவம் அது.

பார்க்கின்சன் நோயாளியிடம் இந்த அனுபவம் தலைகீழாகிறது. அந்த ஆசிரியர் வாயிலைக் கடக்க முழுமனத்தோடு விரும்பினார். அவர் மனத்தில் பிளவு இல்லை. மனம் இசைந்தது, கால்தான் இசையவில்லை. அகுஸ்தினார் மிக எளிது என்று கருதிய செயலே அவருக்கு மிக அரிதாயிற்று. பார்த்துக்கொண்டிருந்த நாமோ, உடல் தயங்கினால் மனமும் தயங்குகிறது என்று பழக்கத்தால் தீர்ப்பிட்டோம். முகம் மலரவில்லையானால் அன்பில்லை என்றும், குரல் தாழ்ந்தால் அக்கறையில்லை என்றும், சட்டைப் பொத்தானைப் போட நேரமானால் சோம்பல் என்றும் எத்தனை வீடுகளில் தீர்ப்பு வழங்கப்படுகிறது! என் மறையுரையை இவர் இறுகிய முகத்தோடு கேட்கிறாரே என்று நானே பலமுறை மனத்தில் குறைப்பட்டதுண்டு. முகத்தை வைத்து அகத்தை அளந்த பிழை என்னுடையது.

எண்ணம் மட்டும் போதுமா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அறத்தின் மதிப்பு மனத்தின் விருப்பத்தில் இருக்கிறது என்றால், உடல் அசைந்தாலென்ன, அசையாவிட்டாலென்ன? நல்லெண்ணம் ஒன்றையும் சாதிக்காமற்போனாலும் தன்னொளியால் மணிபோல் சுடரும் என்ற கருத்தை ஜெர்மானிய மெய்யியலார் கான்ட் 1785-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துரைத்தார். இதில் ஆழ்ந்த உண்மை உண்டு. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரின் அன்பு, ஓடியாடி உழைப்பவரின் அன்பைவிடக் கடவுள் முன்னிலையில் குறைந்ததன்று. இந்த உண்மையைப் பற்றிக்கொண்டுதான் நானும் ஆசிரியரிடம், மனத்தில் ஏற்றுக்கொண்டால் போதும் என்று கூறினேன்.

ஆனால் இது முழு உண்மையன்று. மனிதன் உடலில் குடியிருக்கும் ஓர் ஆவி மட்டுமல்லன். ஆன்மாவை உடலின் வடிவமாகக் கண்டவர் புனித தோமாஸ் அக்குவினார். உடல் நமக்கு வாடகை வீடன்று, உடலும் நாமே. வார்த்தையானவர் மனிதரானார் என்று அறிக்கையிடும் திருச்சபை, உடலின் அசைவுகளை அற்பமென்று கருத இயலாது. இயேசுவின் இரக்கம் தொழுநோயாளரைத் தொட்ட கையில் வெளிப்பட்டது. இறுதி இராவுணவில் பாதங்களைக் கழுவி வெளிப்பட்டது.

நாள்தோறும் நாம் செய்யும் சிறு செயல்களை எண்ணிப் பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுதல், படுக்கையில் புரண்டு படுத்தல், குவளையைச் சிந்தாமல் பிடித்தல், வேட்டி கட்டுதல், வந்தவருக்குக் கைகூப்புதல், நெற்றியில் சிலுவை வரைதல். இவையனைத்தும் பழக்கத்தால் நமக்கு இரண்டாம் இயல்பாகிவிட்டன. எண்ணாமல் செய்கிறோம், எனவே அவற்றின் அருமையையும் எண்ணுவதில்லை. இந்நோயாளியோ ஒவ்வொன்றையும் எண்ணிச் செய்ய வேண்டியவராகிறார். பேத்திக்கு மிட்டாய் எடுத்துக் கொடுப்பதும் அவருக்கு ஒரு திட்டமிட்ட செயல். அன்பு நடமாடும் வழிகள் இச்சிறு செயல்களே. அவ்வழிகளைத் திறந்து வைத்திருக்க அவர் உழைப்பது, தம் உடல்நலம் பேணும் தன்னலம் மட்டுமன்று. பிறரோடு உறவாடும் ஆற்றலைக் காக்கும் பணியுமாகும்.

அளவுகோல் பிறழ்ந்தால்

இப்பயிற்சிகளில் ஒன்றின் உட்கருத்து என் சிந்தையைப் பெரிதும் கவர்ந்தது. குரலை உயர்த்தக் கற்பிக்கும் முறையாக 1987-இல் அமெரிக்காவில் தொடங்கி, பின்னர் கைகால் அசைவுகளுக்கும் விரிந்த எல்.எஸ்.வி.டி. என்னும் பயிற்சி அது. வாரம் 4 நாள், நாளுக்கு 1 மணி வீதம் 4 வாரங்கள் நடைபெறும். ‘பெரிதாக அசையுங்கள்’ என்பதே அதன் ஒரே பாடம். காரணம் இது: நோயாளியின் அசைவு சிறுத்துவிட்டது என்பது அவருக்கே தெரிவதில்லை. அரையடி எடுத்து வைத்துவிட்டு முழு அடி வைத்ததாகவே உணர்கிறார். கேட்கும் அளவுக்குப் பேசச் சொன்னால், கத்துவதுபோல் தோன்றிக் கூச்சப்படுகிறார். உள்ளிருக்கும் அளவுகோலே சுருங்கிவிட்டது. ஆகவே, ‘உங்களுக்கு மிகையாகத் தோன்றுவதே சரியான அளவு’ என்று பயிற்றுநர் மீண்டும் மீண்டும் கூற, அதை நம்பி அவர் கையை அகல விரிக்கிறார், காலை நீட்டி வைக்கிறார். நாளடைவில் அளவுகோல் திருந்துகிறது.

தம் உணர்வையே நம்பாமல் மற்றொருவரின் சொல்லை நம்பி அடியெடுத்து வைப்பது எத்துணைப் பெரிய தாழ்ச்சி! நம் மனச்சான்றும் இப்படிச் சுருங்கிப் போவதுண்டல்லவா? பத்து ரூபாய் ஈந்துவிட்டுப் பெருங்கொடை அளித்ததாக உணர்கிறோம்; ஒருமுறை மன்னித்துவிட்டு வாழ்நாளுக்கும் மன்னித்துவிட்டதாக எண்ணுகிறோம். அளவுகோல் பிறழ்ந்தவர் தாமாக அதைக் கண்டறிய இயலாது. வெளியிலிருந்து ஒரு குரல் வேண்டும். எனினும் ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. நோயாளியின் அளவுகோல் பிறழ்ந்தது அவர் குற்றமன்று. நம்முடையது பெரும்பாலும் நம் குற்றமே.

சிலுவையும் முயற்சியும்

நோயைச் சிலுவையாக ஏற்றல், நோயை எதிர்த்து முயலல் என்னும் இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்லவா என்று கேட்கலாம். தொழுகைக்கூடத்தில் சூம்பிய கையோடு இருந்த மனிதரை நினைவுகூர்வோம். ஆண்டவர் அவரைக் கையை நீட்டும்படி பணித்தார். எது இயலாதோ அதையே செய்யச் சொன்னார். நீட்டியபோது கை நலமடைந்தது. அருள் வந்து சேர்ந்தபோது அம்மனிதரின் முயற்சி தேவையற்றுப் போகவில்லை. அம்முயற்சியிலேயே அருள் செயலாற்றியது. நம் நோயாளருக்கு அத்தகைய முழுநலம் வாய்க்காமற் போகலாம். ஆயினும் இயலாததை நோக்கிக் கையை நீட்டும் அச்செயலில் அவர்களும் அந்த மனிதரோடு ஒன்றுபடுகிறார்கள்.

நம் காலத்திலேயே இந்நோயை உலகறியச் சுமந்தவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். மலையேறியும் பனிச்சறுக்கியும் மகிழ்ந்த அவருடைய கை 1990-களில் நடுங்கத் தொடங்கியது, நடை தளர்ந்தது, முகம் இறுகியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1984 பிப்ரவரி 11 அன்று, துன்பத்தின் மீட்புப் பொருள் பற்றித் திருத்தூதுமடல் ஒன்றை அவர் வெளியிட்டிருந்தார். அம்மடல் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதோடு நிற்கவில்லை. நல்ல சமாரியரை முன்னிறுத்தி, துன்புறுவோருக்கு நன்மை செய்யவும் துன்பத்தின் வழியே நன்மை செய்யவும் நம்மை அழைத்தது. 2004 ஆகஸ்டில் லூர்து நகருக்குத் தம் கடைசி வெளிநாட்டுப் பயணத்தை மேற்கொண்டபோது, நோயாளருள் ஒரு நோயாளியாகவே அவர் சென்றார். 2005-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று சாளரத்தில் நின்று ஆசி வழங்க முயன்றார், சொல் எழவில்லை, கையால் சிலுவை வரைந்தார். ஏப்ரல் 2 அன்று இறைவனடி சேர்ந்தார். அவர் சிலுவையை ஏற்றாரா, முயன்றாரா? இரண்டையும் செய்தார். எழாத குரலை எழுப்ப முயன்ற அந்தக் கணத்தில் ஏற்பும் முயற்சியும் ஒன்றாயின. முதுமையில் வேறொருவர் உனக்கு ஆடை உடுத்தி அழைத்துச் செல்வார் என்ற பொருள்பட உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் உரைத்ததும் நம் நினைவுக்கு வருகிறது.

ஓர் எச்சரிக்கை

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைச் சொல்லாவிடில் இக்கட்டுரை தீங்காய் முடியும். முயற்சியைப் புகழ்வது, முயலாதவரைப் பழிப்பதாக எளிதில் மாறிவிடும். ‘ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?’ என்று நோயாளியைச் சுடும் சொற்களை நாம் கேட்டிருக்கிறோம். இந்நோய் தசைகளை மட்டும் தாக்குவதன்று. சோர்வு, மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை ஆகியவையும் இந்நோயின் அறிகுறிகளே. சில வேளைகளில் விரும்பும் ஆற்றலையே நோய் தொட்டுவிடுகிறது. அப்போது நல்லெண்ணம் மட்டும் சுடர்கிறது என்ற ஆறுதலும் நமக்குக் கிட்டாது. நோய் வளர வளர, எத்துணை முயன்றும் இழப்புகள் நேரும்.

விருப்பமும் தளர்ந்தவரின் நிலை என்ன? கப்பர்நாகும் ஊரில் நால்வர் சுமந்து வந்த முடக்குவாதக்காரரை எண்ணுவோம். கூரையைத் திறந்து அவரை இறக்கினார்கள். ஆண்டவர் கண்டது அவர்களுடைய நம்பிக்கையை என்கிறார் நற்செய்தியாளர். சுமக்கப்பட்டவர் என்ன விரும்பினார் என்பது அங்கே சொல்லப்படவில்லை. ஒருவருடைய மனம் களைத்துப் போகும் நாளில் மற்றவர்களுடைய மனம் அவரைச் சுமக்கலாம். திருச்சபை என்பதன் பொருளும் இதுவே. தனித்து நடக்கச் சலிப்புற்றவரோடு சேர்ந்து நடக்க ஓர் அயலார் வந்தால், பாட்டுக்குத் தாளம் போட ஒரு பேரப்பிள்ளை அமர்ந்தால், பயிற்சி உறவாகிறது.

காத்திருத்தல் என்னும் அறம்

இல்லத்தாருக்கு ஒரு சொல். சட்டைப் பொத்தானை நாமே போட்டுவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அவரே போட்டால் பத்து நிமிடம். நாமே போடுவது அன்பா, காத்திருப்பது அன்பா? விரைந்து செய்து முடிக்கும் உதவியில் சில வேளை நம் பொறுமையின்மையும் கலந்திருக்கிறது. அதே வேளையில், மருந்தின் வேகம் தணிந்து கைகள் மரத்துப் போன நேரத்தில், ‘நீங்களே செய்யுங்கள்’ என்று விட்டுவிடுவது கொடுமை. எப்போது கை கொடுக்க வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு அருகில் நிற்க வேண்டும் என்று அறிவதே விவேகம் என்னும் நற்பண்பு. மருந்து நன்கு வேலை செய்யும் நேரத்தில் பயிற்சி செய்வதும், மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் அவரவர் நிலைக்கேற்பச் சொன்னதைச் செய்வதும், விழாமல் பார்த்துக்கொள்ளத் துணை நிற்பதும் இவ்விவேகத்தில் அடங்கும். கால் உறைந்து நிற்பவரைப் பிடித்து இழுக்கலாகாது. நடக்கும்போது பேச்சுக் கொடுத்து அவர் கவனத்தைக் கலைக்கலாகாது.

பங்குத் திருக்கூட்டத்துக்கும் இது பொருந்தும். நற்கருணை வரிசையில் ஒருவர் மெதுவாக வந்தால் வரிசை நிற்கட்டும். நடுங்கும் கைகளை நீட்டுபவர்முன் குருவும் சற்று நிற்கட்டும். நம் திருப்பலி ஐந்து நிமிடம் நீண்டுவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை.

சென்ற முதல் வெள்ளியன்று மீண்டும் அந்த ஆசிரியர் இல்லம் சென்றேன். அன்று நான் தந்த பதில் தவறு என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். "சார், நோய் போவதற்காக மட்டுமல்ல, உங்கள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வருவதற்காகவும் பயிற்சி செய்யுங்கள். முடியாத நாளில் செய்ய வேண்டாம், அந்த நாளில் நாங்கள் வருகிறோம்" என்றேன். அவர் முகம் அசையவில்லை. ஆனால் நற்கருணை வாங்குமுன் சட்டையின் மேற்பொத்தானைப் போட முயன்றார். விரல் வழுக்கி வழுக்கி விலகியது. அவருடைய துணைவியார் உதவ எழுந்தார். பின் என்னைப் பார்த்துவிட்டு அமர்ந்துகொண்டார். "நேரமாகிறதா சாமி?" என்று அவர் கேட்டார். "இல்லை சார்" என்றேன். உண்மையில் அடுத்த வீட்டில் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்களும் சற்றுக் காத்திருக்கட்டும் என்று எண்ணிக்கொண்டேன்.